கை ஓயும் தூரம்

அக்கா வீட்டுக் கூடத்தில் அத்தானின் படம் மாட்டியிருக்கிறது. மார்பளவுப் படம். சட்டைப் பையோடு முடிந்துவிடுகிறது, கைகள் தெரியாது. அவரை அறியாதவர்கள் பார்த்தால் சாந்தமான மனிதர் என்று சொல்லிவிடுவார்கள், சொல்லியும் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் படத்தில் முக்கியமான சங்கதி விட்டுப்போனதாகவே தோன்றும். அத்தான் என்றால் கைதான். அதிலும் வலது கை. பேச்சு அதற்குப் பிறகு வரும், சில சமயம் வராமலும் போகும்.

அந்தக் கை எனக்கு அறிமுகமானது என் கன்னத்தில். அக்காவுக்குக் கல்யாணமாகி மறுவீட்டு விருந்துக்கு வந்திருந்தார்கள். எங்கள் ஊர் திருநள்ளாறுக்குப் பக்கத்தில், வயல்களுக்கு நடுவே ஒரே ஒரு தெரு. அக்காவை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, அத்தான் காரைக்காலிலிருந்து தன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து இறங்கினார். அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் உத்தியோகம் பார்க்கிற மாப்பிள்ளை மறுவீட்டுக்குச் சைக்கிளில் வந்த கதையை எங்கள் தெருவில் இன்னும் சொல்கிறார்கள். வாழையிலை வாங்குவதற்காக நான் அந்த வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். திரும்பி வந்து வெயிலில் நிறுத்திவிட்டேன். சித்திரை மாதத்து வெயில். எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலில் டயர் வெடித்தது. அத்தான் எழுந்து வந்தார். டயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அறைந்தார்.

வேலைக்குப் போய் முதல் சம்பளம் வாங்கியிருந்த ஆள் நான். மீசை இருந்தது. அப்பா எதிரில், பந்தலில் கட்டிய தோரணம்கூடக் காயாத வீட்டில், புது மாப்பிள்ளை என்னை அறைகிறார். அப்பா இலை போடச் சொன்னார். சாப்பிட உட்கார்ந்தபோது அவரே பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தார். “மாப்ள, மோரு ஊத்திக்க. வெயில்ல அலைஞ்சிருக்க” என்றார், நிஜமான அக்கறையோடு. மனதில் எதையும் வைத்துக்கொள்ளாத மனிதர் என்று அப்பா பிற்பாடு ஊரெல்லாம் சொன்னார். வைத்துக்கொள்ள என்ன இருக்கிறது, எல்லாவற்றையும்தான் அடுத்தவன் கன்னத்தில் இறக்கிவைத்துவிடுகிறாரே.

நான் திருநள்ளாறில் ஒரு லாட்ஜில் மேனேஜர். சனிக்கிழமை என்றால் தெருவில் காலை வைக்க இடம் இருக்காது. தலையில் எண்ணெய் வைத்துக் குளத்தில் முழுகி, சனி தொலைந்தது என்ற நிம்மதியோடு ஜனங்கள் ஈரத்தலையுடன் வருவார்கள். அப்படி வந்த வெளியூர்க்காரர் ஒருவர், பின்னால் பார்க்காமல் தன் கார்க் கதவைத் திறந்தார். அது அந்த வழியாகச் சைக்கிளில் வந்த அத்தானின் ஹேண்டில்பாரை லேசாக உரசியது. அத்தான் விழக்கூட இல்லை. சைக்கிளை எள்ளு விளக்கு விற்கிற அம்மாளின் வண்டியில் பதவிசாகச் சாய்த்து வைத்துவிட்டு வந்தார். “சனி விட்டுடுச்சுன்னு குளிச்சுட்டு வரியா? இன்னும் விடல” என்று சொல்லி, இரண்டு கன்னத்திலும் வைத்தார். அந்த மனிதருக்குத் தமிழ் தெரியாது. அடி புரிந்தது. அவர் எங்கள் லாட்ஜில்தான் தங்கியிருந்தார் என்பது எனக்கு வாய்த்த கிரகம். அன்று மத்தியானமே அறையைக் காலி செய்துகொண்டு போனார்கள். முதலாளியிடம் நான் பாட்டு வாங்கினேன்.

இப்படியே சொல்லிக்கொண்டு போனால் சுலபமாக இருக்கும். ஆனால் கருக்களாச்சேரி மீனவக் குப்பத்தில் போய் அவரைப் பற்றித் தப்பாகப் பேச முடியாது. அங்கே அவருக்கு ‘அடிக்கிற சாரு’ என்று பெயர், அதை மரியாதையாகத்தான் சொல்வார்கள். ஒருநாள் ஒரு மினி லாரி, மீன் கூடையோடு போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாளைத் தள்ளிவிட்டு நிற்காமல் போனது. அத்தான் சைக்கிளில் துரத்திப் போய், அடுத்த வேகத்தடையில் லாரியைப் பிடித்து, டிரைவரைச் சட்டையோடு இறக்கி, ஸ்டியரிங் பிடிக்க முடியாத அளவுக்கு அடித்தார். பிறகு திரும்பி வந்து கொதிக்கிற தார்ரோட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சிதறிக் கிடந்த மீனையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். தெருக்குழாயில் மண் போகக் கழுவிக் கூடையில் அடுக்கி, அந்த அம்மாளைக் கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுபோய் விட்டார். இதை என் கண்ணால் பார்த்தேன். முழுசாக வெறுக்க விட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

வெயிலும் அவருக்கு ஒரு எதிராளிதான். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும் கத்திரி வெயிலில், லீவு நாளில், சாப்பிட வேண்டிய நேரத்தில் சைக்கிளை எடுப்பார். சாப்பிட மாட்டார். “ஒடம்பு கேக்கும் மாப்ள. கேக்கட்டும். குடுத்தா பழகிக்கும்” என்பார். தூக்கம் வந்தால் தன் கன்னத்திலேயே பளாரென்று அடித்துக்கொள்வார். தொடை வலித்தால் தொடையைக் குத்துவார். அடிக்கிற விஷயத்தில் தன் உடம்பு, பிறர் உடம்பு என்று பேதம் பார்க்காதவர், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வெயிலை அவர் ஜெயித்தது துண்டால். வயலில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான். கெட்டியான இரண்டு துண்டை பம்புசெட்டுத் தண்ணீரில் முக்கி, ஒன்றைத் தலைக்கு முண்டாசாகக் கட்டுவார். இன்னொன்றைச் சட்டைக்குள் மார்போடு சுற்றி முதுகில் முடிச்சுப் போடச் சொல்வார். வண்டி ஓட ஓட எதிர்க்காற்று பட்டு, உடம்பு ஏசி அறையில் இருப்பதுபோலக் குளிர்ந்து கிடக்கும். பட்டினச்சேரி தாண்டுவதற்குள் துண்டு காய்ந்துவிடும், மறுபடியும் நனைத்துக்கொள்வார். கூட வருகிறவர்களும் கட்டியாக வேண்டும். மாட்டேன் என்றவர்கள் தலையில் வாளியோடு கவிழ்த்திருக்கிறார்.

அப்படிக் கவிழ்க்கப்பட்டவர்களில் ஒருவர் சாதிக் பாய். காரைக்காலில் சைக்கிள் ஷோரூம் வைத்திருப்பவர். அதற்கு முன் வளைகுடாவில், இறைச்சியை உறைய வைக்கிற ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். உள்ளே ஐஸ், கதவைத் திறந்தால் நெருப்பு, நாள் முழுக்க இரண்டுக்கும் நடுவே போய் வந்தே மூட்டும் மூக்கும் போனது என்பார். அதனால் நம் ஊர் வெயிலிலும் பையில் ஒரு ஸ்வெட்டர் வைத்திருப்பார். அத்தானுக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் அரசலாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, பாயின் பையைப் பிடுங்கி, ஸ்வெட்டரை ஆற்றில் வீசினார். பாய் மறுநாள் வேறொன்று வாங்கிக்கொண்டார்.

இனி அக்காவின் விஷயத்துக்கு வர வேண்டும். நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது அதைத்தான்.

ஒரு கத்திரி வெயில் நாள். நான் அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அத்தான் எங்கோ சுற்றிவிட்டு வந்தார், பக்கத்தில் நின்றாலே அனல் அடித்தது. அக்கா அடுப்படியில் வேர்வையில் நனைந்துகொண்டு நின்றவள், அவர் குரல் கேட்டதும் சொம்பில் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினாள். அவசரத்தில் ஃப்ரிட்ஜ் தண்ணீரை ஊற்றிவிட்டாள். உடம்புச் சூடு தணிவதற்கு முன் சில்லென்று எதுவும் உள்ளே போகக்கூடாது, நரம்பு சுருட்டிக்கொள்ளும் என்பது அவர் கட்சி. ஒரு வாய் குடித்தார். சொம்பைச் சுவரில் எறிந்தார். “கொல்லப் பாக்குறியாடி” என்று அடித்தார். அக்காவின் தோடு வளைந்து காது கிழிந்தது.

நான் எழுந்துவிட்டேன். கையும் எழுந்தது. அக்கா காதைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். உட்கார் என்று சொன்ன பார்வை. உட்கார்ந்தேன். அவள் தரையில் கிடந்த தண்ணீரைத் துடைத்தாள், அவர் குளித்துவிட்டு வந்து சாதம் கேட்டார், அவள் போட்டாள். பாதியில் நின்ற என் கை பல நாள் வரை தோள்பட்டையில் வலித்தது. அப்பாவிடம் சொல்லப் போகிறேன் என்றதற்கு அக்கா, “சொல்லாத தம்பி. அவரு சமாதானம் பேச வருவாரு. அத வேற நான் ஒக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கணும்” என்றாள்.

ஆனால் அவள் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்குள்ளிருந்தபடியே ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அதை என்னிடம் சொன்னபோது காதில் தையல்கூடப் பிரிக்கவில்லை.

“நாகூர் வரைக்கும் போய்ட்டு வந்தா சாப்புட்டுட்டு சண்ட போடுவாரு. வேளாங்கண்ணி போய்ட்டு வந்தா சாப்புட்டு படுத்துடுவாரு. நீ கூடப் போ தம்பி. இன்னும் கொஞ்சம் தூரம் இழுத்துட்டுப் போ.”

இப்படித்தான் நான் சைக்கிள்காரன் ஆனேன். சாதிக் பாயிடம் ஒரு கியர் சைக்கிள் வாங்கினேன். ஆரோக்கியத்துக்காக என்று லாட்ஜில் சொல்லிக்கொண்டேன். என் வேலையெல்லாம் அத்தானுக்குத் தூரத்தைக் கூட்டுவது. வேளாங்கண்ணியில் திரும்பப் பார்த்தால், இன்னும் கொஞ்சம் போனால் நல்ல நண்டு வறுவல் கிடைக்கும் என்பேன். கோடியக்கரையில் பூநாரை இறங்கியிருப்பதாகப் புளுகுவேன். பறவை இல்லாத மாதத்தில் போய், இல்லை என்று தெரிந்து, அங்கேயே ஒரு அறை வாங்கியிருக்கிறேன். அது பெரிதில்லை. திரும்பி வரும்போது அத்தான் வாசல் படியைப் பிடித்துக்கொண்டு ஏறுவார். அக்கா என்னைப் பார்த்துத் தலையை அசைப்பாள். அந்த ராத்திரி அந்த வீட்டில் நிம்மதியான தூக்கம்.

மருந்து பழகிப்போவது போல அவர் உடம்புக்குத் தூரம் பழகியது. வேளாங்கண்ணி போய்வந்தும் சண்டை போடத் தெம்பு மிஞ்ச ஆரம்பித்தது. பிறகு கோடியக்கரையும் போதவில்லை. நான் பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே பஞ்சர் ஒட்டினார். ஆனால் அதற்குப் பிறகு அவரும் எங்களோடு தவறாமல் வந்தார், எனக்குத் தெரியாத சுற்றுவழியெல்லாம் சொன்னார். கடைசியில் மலையைக் கண்டுபிடித்தது அக்காதான். கொடைக்கானல் மலையில் யாரோ சைக்கிள் ஏறுகிற வீடியோவைப் போனில் காட்டி, “இங்க ஏறிட்டு வந்தா ஒரு வாரம் தாங்கும்ல?” என்று கேட்டாள்.

மே மாதம் பள்ளிக்கூட லீவில் போனோம். பாயின் கடை குட்டியானையில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு போய், வத்தலக்குண்டில் வண்டியை நிறுத்திவிட்டு மூன்று பேரும் மிதித்தோம். அடிவாரத்தில் காலையிலேயே உடம்பு வெந்தது. அத்தான் வழக்கம்போலத் துண்டை நனைத்து மார்பில் கட்டிக்கொண்டு முன்னால் போனார். வளைவில் ஒரு குரங்கு அவர் பையைப் பிடித்து இழுத்தது, அதற்கும் ஒன்று விழுந்தது. ஏற ஏறக் காற்றின் குணம் மாறியது. மத்தியானம் தாண்டியதும் நானும் பாயும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டோம். ஊருக்கு முன்னால் இருக்கும் அருவியில் அத்தான் துண்டை அவிழ்த்தார், பிழிந்து வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். மறுபடியும் நனைத்துக் கட்டினார்.

“சார், அந்தத் துண்ட எடுத்துடுங்க. இது நம்ம ஊரு காத்து இல்ல” என்றார் பாய்.

ஏறும்போது வேர்க்கிறதா இல்லையா, வேர்த்தால் துண்டு வேண்டும் என்று அத்தான் திருப்பிக் கேட்டார். சூட்டோடு சில்லென்று தண்ணீர் கொடுத்ததற்கு என் அக்காவின் காதைக் கிழித்த மனிதர் அவர். துண்டு மட்டும் அந்தக் கணக்கில் வரவில்லை. துண்டு என்றால் நல்லது என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது. நானும்தான் அதைக் கழற்றச் சொல்லவில்லை.

பிறகு வானம் இருட்டியது. முதலில் மழை, அப்புறம் ஆலங்கட்டி. தகரக் கூரை போட்ட ஒரு பூட்டிய கடையடியில் நானும் பாயும் ஒதுங்கினோம். தகரம் கிழிந்துவிடும் போலச் சத்தம். கொஞ்ச நேரத்தில் ரோடெல்லாம் கல்லுப்பு கொட்டியது போல வெள்ளையாகிவிட்டது. அத்தான் ஒதுங்கவில்லை. நடுரோட்டில் நின்று முகத்தைத் தூக்கி, அடி, அடி என்று வானத்தைப் பார்த்துக் கத்திச் சிரித்தார். புருவத்தில் கல் பட்டு ரத்தம் கசிந்தது, அதைத் துடைக்கக்கூட இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்குச் சமமான ஆளைப் பார்த்துவிட்ட சந்தோஷம் அது.

அப்போதுதான் மேலேயிருந்து ஒரு டூரிஸ்ட் வேன் இறங்கி வந்தது. ஐஸ் தண்ணீரை வாரி அவர்மேல் இறைத்து, ஓரமாக நின்ற அவர் சைக்கிளைக் கண்ணாடியால் தட்டித் தள்ளிவிட்டுப் போனது. அத்தான் சிரிப்பதை நிறுத்தினார். சைக்கிளைத் தூக்கித் திருப்பினார், வேனைத் துரத்திக்கொண்டு மலையிறங்கினார். நாங்கள் கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை.

பின்னாலேயே இறங்கினோம். எனக்குத் தெரிந்த குளிர் மார்கழி விடியற்காலைக் குளிர், போர்வைக்குள் இருந்தால் போகிற குளிர். இது அடிக்கிற குளிர். ஏறும்போதாவது மிதிக்கிற சூடு இருந்தது, இறங்கும்போது உட்கார்ந்த இடத்தில் காற்று மட்டும்தான். ஸ்வெட்டர் போட்டிருந்த எனக்கே பிரேக் பிடிக்கிற விரல்கள் யாருடையவோ போல ஆகிவிட்டன. நனைந்த துண்டை நெஞ்சில் கட்டிக்கொண்டு, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல், அத்தான் எங்கள் கண்ணுக்கே எட்டாத தூரத்தில் பறந்துகொண்டிருந்தார். துண்டுக்குக் காற்று பட்டால் குளிரும். அந்த வித்தைக்குச் சமவெளி எது மலை எது என்று தெரியாதே.

வெகுதூரம் கீழே, ஒரு வளைவில் இருந்த டீக்கடையில் வேன் நின்றிருந்தது. அத்தான் அதைப் பிடித்துவிட்டிருந்தார். டீ கிளாசோடு நின்ற டிரைவருக்கு நேரெதிரே நின்று வலது கையை ஓங்கியிருந்தார். ஆனால் கை இறங்கவில்லை. பிரேக்கைப் பிடித்த மாதிரியே விரல்கள் வளைந்து நின்றுபோய்விட்டன. உதடு கறுத்திருந்தது. ஏதோ திட்டினார், சொல் சொல்லாக வராமல் குழறியது. “அண்ணே, என்ன இவரு பட்டப்பகல்லயே போட்டுட்டு வந்திருக்காரு” என்றார் டிரைவர்.

முதலில் அவர் உடம்பு உதறிக்கொண்டிருந்தது. பிறகு உதறல் நின்றது. சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன். பாயின் முகம் வெளுத்துவிட்டது. வளைகுடாவில் ஐஸ் கிடங்குக்குள் மாட்டிக்கொண்ட ஒருவனை அவர் பார்த்திருக்கிறார். “நடுக்கம் நின்னாத்தான் தம்பி பயம்” என்றார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, அத்தான் சட்டைப் பொத்தானைப் பிய்க்க ஆரம்பித்தார்.

“வேகுதுடா. ஒடம்பெல்லாம் வேகுது.”

குளிர் உச்சத்துக்குப் போனால் உடம்பு எரிவதுபோலத் தோன்றுமாம், பாய் பிற்பாடு சொன்னார். அத்தான் சட்டையைக் கிழித்து எறிந்தார். வேட்டைக்காரன் போலக் கண் அங்கும் இங்கும் அலைந்தது. ரோட்டோரக் கட்டைச் சுவரை நோக்கித் தள்ளாடிக்கொண்டு நடந்தார். அந்தச் சுவர் முழங்கால் உயரம். அதற்கப்பால் வெறும் மூடுபனி. நான் ஓடிப்போய் இடுப்பைப் பிடித்தேன். மடங்கிய அந்தக் கையாலேயே என் மூக்கில் குத்தினார், ரத்தம் கொட்டியது. பாய் பிடிக்க வந்தார், அடிவயிற்றில் உதை வாங்கி உட்கார்ந்தார். டிரைவர் பின்வாங்கிவிட்டார். அவரை இழுத்துப் பிடிக்க எங்களுக்குத் தெரியவில்லை. அவர் அடித்தால் வாங்கிக்கொள்வது ஒன்றுதான் எங்களுக்குப் பழக்கம். அத்தான் ஒரு காலைத் தூக்கிச் சுவர்மேல் வைத்தார்.

விட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. மூக்கிலிருந்து ரத்தம் வாய்க்குள் போகிறது, அவர் ஒரு காலை வைத்துவிட்டார், இன்னொரு காலையும் வைத்தால் அக்கா இனிமேல் எல்லா ராத்திரியும் தூங்கலாம். நினைத்ததை நினைக்கவில்லை என்று எழுத நான் தயாரில்லை. ஆனால் என் கால் அவரிடம் போய்விட்டது. தலைமுடியைப் பிடித்து ரோட்டுக்கு இழுத்தேன். அவர் திரும்பினார். அறைந்தேன்.

அவர் முகத்தில் ஒரு ஆச்சரியம் வந்தது. என்னை அடையாளம் தெரியாமல் உற்றுப் பார்த்தார். கையை ஓங்க முயன்றார், அது வரவில்லை. மறுபடியும் அறைந்தேன். நெஞ்சில் முட்டியை வைத்துத் தள்ளினேன். அவர் நனைந்த ரோட்டில் பொத்தென்று உட்கார்ந்தார். பாய் எழுந்து வந்து முதுகில் இருந்த துண்டு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். நனைந்து இறுகிய முடிச்சு. பல்லால் கடித்து இழுத்தார். டிரைவர் துணிந்து வந்து கால்கள் மேல் உட்கார்ந்துகொண்டார். நான் அறைந்துகொண்டிருந்தேன். அந்தக் கன்னம், இந்தக் கன்னம். உட்கார்ந்த ஆளை, தலை தொங்கிய ஆளை, திருப்பி அடிக்க முடியாத ஆளை. என் உள்ளங்கை எரிந்தது. நன்றாக இருந்தது.

“ஒக்காந்துட்டாரு தம்பி. போதும்” என்றார் பாய். எனக்குக் கேட்டது. நிறுத்தவில்லை. அவர் முடிச்சை விட்டுவிட்டு என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தார். “போதும்னேன்ல. இனிமே நீங்க அடிக்கிறது அவரு உசுருக்காவ இல்ல.”

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அத்தான் யாரை அடிக்க வந்தாரோ அந்த டிரைவர்தான் வேனைக் கிளப்பி ஹீட்டரைப் போட்டார். வேனில் வந்த குடும்பம் பெட்ஷீட்டையெல்லாம் உருவிக் கொடுத்தது. பாய் தன் சட்டையைக் கழற்றிவிட்டு, அத்தானை வெற்று நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். மறுபக்கம் நான். ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த மீன் போல இருந்தது அந்த உடம்பு. இவ்வளவு நேரம் அடித்த ஆளை இப்போது குழந்தையைப் போலக் கட்டிக்கொண்டு, தூங்காதீங்க அத்தான், தூங்காதீங்க என்று காதில் சொல்லிக்கொண்டே வந்தேன். பாய் வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். பல வளைவுகள் இறங்கிய பிறகு அத்தானின் தாடை லேசாக ஆடியது. பிறகு தோள். பிறகு உடம்பு முழுக்க உதறியது. “அல்ஹம்துலில்லாஹ். ஹயாத்து இருக்கு, உசுரு போவல, நடுங்குறாரு” என்று பாய் அழுதார். நானும் அழுதேன், எதற்கென்று சொல்லத் தெரியாமல்.

அடிவார ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள். ஆலங்கட்டி மழைக்குப் பிறகு எதுவுமே அத்தானுக்கு ஞாபகமில்லை. வளைவில் விழுந்துவிட்டார் என்று பாய் சொன்னார். அத்தான் வீங்கிய முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு, என் மூக்கைப் பார்த்து, நீயும் விழுந்தாயா என்றார். ஆமாம் என்றேன். இரண்டு பேருக்குமே பிரேக் பிடிக்கத் தெரியவில்லை என்று சொல்லி அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரர்கள் விழித்துக்கொண்டார்கள்.

மலைக்குப் பிறகு திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். வலது கை விரல்கள் கொஞ்ச காலம் உணர்ச்சியில்லாமல் கிடந்தன. பேனா பிடிக்க முடியாது, சட்டைப் பொத்தான் போட முடியாது, அக்காதான் சாதம் பிசைந்து கொடுத்தாள். அந்தக் காலத்தில் அந்த வீடு அமைதியாக இருந்தது. பிறகு விரல்களுக்கு உயிர் வந்தது, கையும் வந்தது. பிறகு வந்த வருஷங்களில், ஒருநாள் காலையில் நாற்காலியில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டும்போது அவர் நெஞ்சு நின்றுபோகும் வரைக்கும் நானும் பாயும் அவரை இழுத்துக்கொண்டு தூரம் தூரமாகப் போய்க்கொண்டுதான் இருந்தோம்.

மலையிலிருந்து ஊர் திரும்பிய அன்று சாயங்காலம். குட்டியானையிலிருந்து இறங்கியதும் காரைக்கால் புழுக்கம் முகத்தில் அப்பியது. அக்கா வாசலில் நின்று அத்தானின் முகத்தையே பார்த்தாள். விழுந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். நான் கொல்லையில் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா பின்னாலேயே வந்து நின்றாள்.

“விழுந்தா கன்னத்துல வெரலு வரிசையா பதியாது தம்பி” என்றாள். அந்தத் தடம் அவளுக்குத் தெரியாதா?

எல்லாவற்றையும் சொன்னேன். துண்டு, ஆலங்கட்டி, வேன், சுவர், நான் அடித்தது, பாய் கையைப் பிடித்தது. அவள் நின்றபடியே கேட்டாள். முடித்ததும் குனிந்து குழாயை மூடினாள்.

“நீ அடிச்சப்ப அவருக்கு வலிச்சிருக்குமா?”

புருஷனை நினைத்து அவள் மனசு பதறுகிறது என்றுதான் எனக்குப் பட்டது. என்ன இருந்தாலும் கட்டியவள் அல்லவா, ஆறுதல் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

“இல்லக்கா. ஒடம்பு மரத்துப் போயிருந்துச்சு. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.”

“ஒண்ணுமேயா?”

“ஒண்ணுமே தெரியலக்கா. அவருக்கு ஞாபகமும் இல்ல.”

அக்காவின் முகம் வாடிப்போனது. வெகுநாள் காத்திருந்து கைக்கு வந்தது தவறிப்போனால் எப்படி வாடுமோ, அப்படி. அடிபட்ட நாட்களில்கூட அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. “அப்படியா” என்று மட்டும் சொன்னாள். அடுப்பில் உலை வைத்திருக்கிறேன் என்று உள்ளே போனாள்.